ஞானசீலன் கேட்ட பாவசங்கீர்த்தனம்

சில்வஸ்டருக்கு மூன்று நிமிடம் போதுமானதாக இருந்தது. எஸ்டேட்டில் லாரி ஓட்டும் சில்வஸ்டர் மாதம் முழுக்கக் குடிக்கிறவன், சீட்டாடுகிறவன், மாமியாரோடு முறைத்துக்கொண்டு திரிகிறவன். அப்படிப்பட்டவனே பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் மண்டியிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சாமியாரிடம் சொல்லி, மூன்றே நிமிடத்தில் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அடுத்துப் போன ரோஸ்மேரி டீச்சருக்கு நான்கு நிமிடம். அவருக்கும் அடுத்துப் போன ஜோவிதா மட்டும் பதினோரு நிமிடமாகியும் வெளியே வரவில்லை.

கடைசி பெஞ்சில் மப்ளரைக் காதுவரை இழுத்துக்கட்டி உட்கார்ந்திருந்த ஞானசீலன் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே இருப்பது அவருடைய மனைவி. இது அவருடைய கோயில் அல்ல. அவர் லுத்தரன் சபை, அவள் கத்தோலிக்கம். மாதாமாதம் முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், காத்திருந்து கூட்டிப் போவார். வெளியே பனிமூட்டம், அதனால் உள்ளே உட்கார்கிறேன் என்று கேட்பவர்களிடம் சொல்லுவார். வெயிலடிக்கும் மாதத்திலும் உள்ளேதான் உட்காருவார் என்பதை யாரும் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நிமிடக் கணக்கு அவருக்குக் கைவந்த கலை. அருவங்காடு தொழிற்சாலையில் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிடம் லேட் என்று பார்ப்பதுதான் வேலை. இப்போது கைரேகை இயந்திரம் வந்து அந்தத் தொல்லையை எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் பழகிய மனசு சும்மா இருக்குமா? தொழிற்சாலையில் வேலை குறைந்ததும் அது வீட்டுக்குள் வந்து வேலை பார்க்க ஆரம்பித்தது.

கல்யாணம் ஆன புதிதில் இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவரவர் கோயில் அவரவருக்கு, பிறக்கிற பிள்ளைக்கு அவள் கோயிலில் ஞானஸ்நானம் என்று பேசி முடித்துத்தான் தாலி கட்டினார். மகள் ஆன்சி இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இருபது வருடமும் ஜோவிதா மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்தாள், அவரும் கவலைப்படாமல் இருந்தார். காரணம் எளிது. பழைய பங்குச் சாமியாருக்குக் காது மந்தம். அவரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான்.

போன வருடம் அந்தச் சாமியார் ஓய்வுபெற்றுப் போனார். ஃபாதர் டெனின் வந்தார். முப்பத்தைந்து வயது, நல்ல குரல், புல்லட் வண்டி, அதையெல்லாம்விட முக்கியமாக இரண்டு நல்ல காதுகள். ஞானசீலனின் தூக்கம் அன்றோடு போயிற்று.

அசிங்கமான சந்தேகம் எதுவும் அவருக்கு இல்லை. ஜோவிதாவைப் பற்றியும் இல்லை, அந்தச் சாமியாரைப் பற்றியும் இல்லை. வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவார். அவருக்கு இருந்தது பொறாமை, சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே குழம்பைச் சாப்பிட்டு, ஒரே காய்ச்சலில் மாறி மாறிக் கஷாயம் வைத்துக் கொடுத்த தனக்குச் சொல்லாத ஒன்றை, ஒரு தட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மாதாமாதம் பதினோரு நிமிடம் வாங்கிக்கொள்கிறார். தன் வீட்டுச் சொத்தை அடுத்தவன் அனுபவிப்பதுபோல அவருக்கு வயிறு எரிந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஜோவிதா வெளியே வந்தாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டு, சாமியார் சொன்ன மூன்று ஜெபத்தைச் சொல்லி முடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரிடம் வந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படித் தெளிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டு. பீன்ஸ் நறுக்கும்போது பாட்டு, ரசத்துக்குத் தாளிக்கும்போது பாட்டு. பாவசங்கீர்த்தனம் முடிந்த சனிக்கிழமைகளில் அவள் சமையல் தனியாக ருசிக்கும். ருசிக்க ருசிக்க ஞானசீலனுக்குக் கசந்தது.

"அப்படி என்னதான் சொல்றே அவருகிட்ட?"

"பாவத்தைத்தானுங்க."

"பதினோரு நிமிசத்துக்கா? அத்தனை பாவம் பண்றதுக்கு உனக்கு நேரம் ஏது?"

ஜோவிதா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கடிகாரம் பார்த்தீங்களா?"

"சும்மா கண்ணுல பட்டுது."

"ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருடைய சபையில் ஆராதனை. குன்னூரில் ஒரு வாடகைக் கூடத்தில் மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் நடக்கும். கோயம்புத்தூரிலிருந்து சபையின் போதகர் ஐயர் ஜீப்பில் வந்து நடத்திவிட்டுப் போவார். அங்கேயும் மெழுகுவத்தி உண்டு, சிலுவையில் தொங்கும் இயேசு உண்டு, மண்டியிடுதல் உண்டு. பாவ அறிக்கையும் உண்டு. எல்லோரும் சேர்ந்து புத்தகத்தைப் பார்த்து ஒரே குரலில் படிப்பார்கள், ஐயர் மன்னிப்புக் கூறுவார். அன்று ஞானசீலன் அதையும் நேரம் பார்த்தார். ஒன்றரை நிமிடம். இத்தனை வருடமாக அது அவருக்குப் பெருமையாக இருந்த விஷயம். கிருபையினால் இலவசமாகக் கிடைக்கிற மன்னிப்புக்குக் கூண்டு எதற்கு, பட்டியல் எதற்கு என்று ஜோவிதாவைக் கேலிசெய்திருக்கிறார். அன்றைக்கு அந்த ஒன்றரை நிமிடம் அவருக்கு ஏழைவீட்டுக் கல்யாணம்போல் இருந்தது. இவருடைய பாவம் ஒன்றையாவது இதுவரை யாரும் காதுகொடுத்துக் கேட்டதுண்டா?

திங்கட்கிழமை கேன்டீனில் ரொனால்டிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார். ரொனால்ட் அதே டைம் ஆபீஸ், குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. எட்டு வருடமாக கால்வின் வழிச் சபை ஒன்றுக்குப் போய்வருகிறார். அங்கே மெழுகுவத்தி கிடையாது, சுரூபம் கிடையாது, சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. பிரசங்கம் மட்டும் ஒன்றேகால் மணி நேரம்.

"உங்களுக்கும் உங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் பெருசா வித்தியாசமே இல்லீங்க," என்றார் ரொனால்ட், ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "அந்தம்மா அப்பம் மாறி ஆண்டவரோட சரீரம் ஆயிடுதுங்கறாங்க. நீங்க அப்பமும் இருக்குது, அதுக்குள்ள சரீரமும் இருக்குதுங்கறீங்க. நாங்கதான் அவரு பரலோகத்துல இருக்கறாரு, ஆவியானவர் மூலமா அவரை விசுவாசத்துல வாங்கிக்கறோம்னு சொல்றோம். கோயமுத்தூர் போறேன்னு ரோம்ல பஸ் ஏறின லுத்தர் பாதி மலையில பர்லியார்ல இறங்கி டீ குடிச்சிட்டு அங்கயே தங்கிட்டாரு. கால்வின் மேட்டுப்பாளையம் தாண்டிப் போனாரு."

"கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தாரா?"

"போய்ச் சேர்றவங்க யாருன்னு உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சுங்க."

"அது இருக்கட்டும். உங்க ஊட்டுக்காரம்மா பெட்டி மனசுல என்ன நினைக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரொனால்ட் சிரித்தார். "எனக்கு எதுக்குங்க? கர்த்தருக்குத் தெரியும். அவரு தெரிஞ்சு வெச்சிருந்தாப் போதாதா?"

ஞானசீலனுக்கு இப்போது ரொனால்டின் மேலும் பொறாமை வந்தது. பரலோகத்துக்கு முன்குறிக்கப்பட்ட மனிதர் என்ன நிம்மதியாக மோர் ஊற்றிக்கொள்கிறார்! சொல்லுகிறவளுக்குக் கேட்க ஒரு சாமியார் இருக்கிறார். சொல்லாதவளைக் கட்டிக்கொண்டவருக்குக் கேட்கவேண்டும் என்ற ஆசையே இல்லை. நடுவில் தான் ஒருத்தன் மட்டும் இரண்டும் இல்லாமல் இடிபடுகிறோமே என்று நினைத்தார்.

"இன்னொண்ணுங்க," என்றார் ரொனால்ட். "தனியாப் பாவம் சொல்றதை உங்க லுத்தர் ஒழிக்கலீங்க. கட்டாயம் இல்லைன்னுதான் சொன்னாரு. வேணும்னா ஐயருகிட்டச் சொல்லலாம். ஐயரு இல்லைன்னா கூட இருக்கற விசுவாசிகிட்டச் சொல்லலாம். விசுவாசி எல்லாருமே ஆசாரியன்தானே? அதுல உங்களுக்கும் எங்களுக்கும் சண்டையே கிடையாது."

ஞானசீலனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எல்லா விசுவாசியும் ஆசாரியன், சாமியாருக்குச் சமம். சின்ன வயதில் திடப்படுத்தல் வகுப்பில் படித்து ஒப்பித்ததுதான். இதை வைத்துக்கொண்டா ஒரு வருடமாகக் கடைசி பெஞ்சில் மப்ளரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்?

"ஆனா ஆசாரியனுக்கு முதல் வேலை மன்னிக்கறதுங்க," என்று ரொனால்ட் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஞானசீலன் கைகழுவ எழுந்துவிட்டார்.

ஆனாலும் கேட்பதற்கு ஆறு நாள் தைரியம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டு ஜோவிதா பள்ளிக்கூடத்து விடைத்தாள்களை எடுத்து வைத்தபோது கேட்டார். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர்.

"ஜோவி, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்கக்கூடாது. ஃபாதர்கிட்டச் சொல்றதை என்கிட்டயும் சொல்லலாமில்ல?"

"என்னத்துக்குங்க?"

"எங்க சபையில விசுவாசி எல்லாருமே ஆசாரியன். நீயும் ஆசாரியன், நானும் ஆசாரியன். என்கிட்டச் சொன்னாலும் அது பாவசங்கீர்த்தனம்தான்."

அவள் சிரிப்பாள், இல்லையென்றால் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிசமாத்தான் சொல்றீங்களா?"

"நிசமாத்தான்."

"வெறுமனே கேட்டா ஆச்சுங்களா? அதுக்குன்னு முறை இருக்குது. சொல்றப்ப என் முகத்தைப் பார்க்கக்கூடாது. குறுக்க எதுவும் பேசக்கூடாது. முடிச்சப்புறம் வாய்விட்டு மன்னிப்புச் சொல்லோணும். அதோட சரி. கழுத்தை அறுத்தாலும் ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது. என்கிட்டயே கூடத் திரும்ப அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. நாளைக்குச் சண்டை வந்தாலும் எடுக்கக்கூடாது. ஃபாதர் அப்படித்தானுங்க."

"அவருக்கு முடியறது எனக்கு முடியாதா?" என்றார் ஞானசீலன். அந்தக் கேள்வியிலேயே அவருடைய ஒரு வருட வயிற்றெரிச்சல் முழுவதும் இருந்தது.

ஜோவிதா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் ஏதோ ஆசை வந்திருக்கிறது என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற பிள்ளையின் நடை. நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு அவரை உட்காரவைத்தாள். கம்பளியை நான்காக மடித்து அவருடைய வலப்பக்கம் தரையில் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பெட்டி காயப்போட்டிருந்த துணிகள். அதற்கு அப்பால் யூக்கலிப்டஸ் மரங்கள். ஞானசீலன் அதையே பார்த்தார். இருபது வருடத்தில் அவள் தனக்கு இத்தனை பக்கத்தில் இருந்ததில்லை என்று தோன்றியது.

"உங்க அக்கா போன மாசம் போன் பண்ணினப்ப வேணும்னுதான் எடுக்கலீங்க. சார்ஜ் இல்லைன்னு பொய் சொன்னேன்."

அவர் தலையசைத்தார். இவ்வளவுதானா என்று உள்ளே ஒரு சந்தோஷம்.

"ரோஸ்மேரிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்ட் கொடுத்தப்பப் பொறாமைப்பட்டேனுங்க. அவங்களுக்கு முட்டிவலி வந்தப்ப உள்ளுக்குள்ள நல்லா வேணும்னு நினைச்சேன்."

மறுபடியும் தலையசைத்தார். ஆசாரிய வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. இதற்கா அந்த மனிதர் ஏழு வருடம் குருமடத்தில் படித்தார் என்றுகூட நினைத்தார்.

ஜோவிதாவின் குரல் இறங்கியது.

"புதன்கிழமை புதன்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்னு சொல்றேனில்லீங்க, அது பொய்யிங்க. ஒரு வருசமாப் பொய். மீட்டிங் எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரு பேக்கரி இருக்குது. அங்க போயி முக்கால் மணி நேரம் உக்காந்திருப்பேன். டீ குடிப்பேன், வர்க்கி திம்பேன். அப்புறம் பஸ் ஏறி ஊட்டுக்கு வருவேன். மீட்டிங்ல என்ன பேசினாங்கன்னு நீங்க கேப்பீங்கன்னு பஸ்லயே ஒரு கதை கட்டிக்குவேன்."

ஞானசீலன் கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை.

"உங்ககிட்ட எனக்குப் பயமுங்க. அடிப்பீங்கன்னு இல்ல, கேப்பீங்கன்னு. எத்தனை மணி பஸ்ஸு, ஏன் பத்து நிமிசம் லேட்டு, பக்கத்துல யாரு உக்காந்தா, யாரு போன்ல, ஏன் முகம் இப்படி இருக்குது. ஆன்சி இருந்த வரைக்கும் பாதி அவகிட்டப் போச்சு, இப்ப எல்லாமே எனக்குத்தான். ஒரு கேள்வியும் இல்லாம முக்கால் மணி நேரம் உக்காரோணும்னு ஆசையா இருக்குதுங்க. அதுக்காக உங்களை ஏமாத்தினேன். மனசார வருத்தப்படறேன்."

அவள் நிறுத்தினாள். தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

அவர் இப்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது அவருக்கு மனப்பாடம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டன. ஐயர் சொல்லி எத்தனை நூறு தடவை கேட்டிருக்கிறார். அந்த வாக்கியம் தொண்டைவரை வந்ததும் உண்மை. அவள் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவருக்கு நன்றாகவே விளங்கியது. அந்தப் பதினோரு நிமிடத்தில் அந்தச் சாமியாரிடம் அவள் பேசியதெல்லாம் இவரைப் பற்றித்தான் என்பதும் விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் ஒரு வருடம், ஐம்பது புதன்கிழமை, முக்கால் மணி நேரம். மனசு அதற்குள் பெருக்கிப் பார்த்துவிட்டது. அந்த பேக்கரியில் மேசைக்கு இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள் என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

"யாரோட?" என்றார்.

கேட்டபிறகுதான் தான் கேட்டுவிட்டது அவருக்கே தெரிந்தது. திரும்பி அவள் முகத்தையும் பார்த்துவிட்டார்.

ஜோவிதா அழவில்லை. கோபிக்கவும் இல்லை. அந்தப் பரீட்சைப் பிள்ளையின் முகம் மட்டும் மெல்ல வடிந்து, தினமும் பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிற முகமாக மாறியது.

"தனியாத்தானுங்க," என்றாள். "ஃபாதர் இதுவரைக்கும் அதைக் கேட்டதே இல்லீங்க."

"வாய் தவறி வந்திருச்சு ஜோவி. இப்பச் சொல்றேன், மன்னிப்புச் சொல்றேன். பிதா, குமாரன்..."

"வேண்டாமுங்க. இது பாவசங்கீர்த்தனம் இல்ல, விசாரணை. விசாரணையில மன்னிப்பு எங்கிருந்து வரும்?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கம்பளியை உதறி மடித்தாள். மடித்து முடித்தபிறகும் உடனே போகவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சுங்க," என்றாள். "அதை உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் இதையெல்லாம் முதல்ல சொன்னேன். இத்தனை வருசமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தது."

ஞானசீலன் நாற்காலியிலிருந்து இறங்கி, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், அவள் மண்டியிட்டிருந்த இடத்தில் வெறுந்தரையில் மண்டியிட்டார். "சொல்லு ஜோவி. வாயைத் திறக்க மாட்டேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். என்னவா இருந்தாலும் பரவாயில்லை, சொல்லிரு."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். இரக்கப்பட்டுத்தான் பார்த்தாள்.

"முதல் சனிக்கிழமை ஃபாதர்கிட்டச் சொல்லிக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு, விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள்.